புளித்துப்போன தொட்டி

கழிவுநீர் நிலையத்தில் செரிப்புத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவளுக்கு ‘மூக்குக்காரி’ என்று பெயர். மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே, தொட்டிக்கு உடம்பு சரியில்லை என்று வாசனையை வைத்துச் சொல்லிவிடுவாள். சாக்கடைக் கசடோடு ஓட்டல் மிச்சங்களை அரைத்துக் கலந்து, காற்றுப் புகாத அந்தத் தொட்டிக்குள் விடுவார்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் வாயுவைக் கொடுக்கும். நிலையத்து இன்ஜின் அந்த வாயுவில்தான் ஓடியது. பக்கத்து மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்கு வெந்நீர் போனதும் அதில்தான்.

ஓட்டல் மிச்சங்களை லாரியில் கொண்டுவரும் ஒப்பந்தம் அவளுடைய அண்ணிக்குக் கிடைத்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏற்கெனவே இருவருக்கும் ஆகாது. அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு மூக்குக்காரி மறுபடி மறுபடி சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் போயிருந்தாள். அப்படியும் அண்ணி அவளைக் கூடத்தில் உட்கார விடவில்லை. “நீ பின்பக்கம் போய் உட்காரு. வந்தவங்க சாப்பிடணும்ல” என்றாள், சிரித்த முகத்தோடு. அண்ணன் காதில் விழாத மாதிரி கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இப்போது பேசித்தான் ஆகவேண்டியிருந்தது.

“ஒரு நாளைக்கு ரெண்டு லாரிதான் அண்ணி. அதுக்கு மேல போட்டா தொட்டி புளிச்சுப்போகும்.”

“சாக்கடையையே தின்னுற தொட்டி, சோத்தைத் தின்னாதா? உனக்கு என்மேல எரிச்சல். அதைத் தொட்டி தலையில போடாத.”

அண்ணி நிலையத்துப் பொறியாளரிடம் போய்ப் புகார் சொன்னாள். மூக்குக்காரி சொல்வதுதான் சரி என்று அவருக்கும் தெரியும். ஆனாலும், “உங்க குடும்பச் சண்டையை இங்க கொண்டுவராதீங்க” என்று இருவரையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார். அதுதான் மூக்குக்காரிக்கு உறைத்தது.

ஊரில் பெரிய விருந்து ஒன்று முடிந்த மறுநாள், லாரிகள் வரிசையாக வந்து நின்றன. முதல் லாரியிலிருந்து அண்ணி இறங்கினாள்.

“கதவைத் திற. நாத்தத்துல கிடந்து கிடந்து மூளையும் நாறிப்போச்சா உனக்கு?”

ஓட்டுநர்களில் ஒருவன் சிரித்தான். மூக்குக்காரிக்குக் காது மடல் சூடேறியது. வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கதவை அகலத் திறந்தாள்.

“கொட்டுங்க அண்ணி. எல்லாத்தையும் கொட்டிட்டுப் போங்க.”

அண்ணி ஒரு கணம் தயங்கினாள். “ஆகாதுன்னியே?”

“இன்னைக்கு ஆகும்.”

மறுநாளும் அதே கதை. பொரித்துக் கழித்த எண்ணெய்ப் பீப்பாய்கள்கூட வந்தன. அவள் எதையும் திருப்பி அனுப்பவில்லை. சில நாளில் தொட்டிப் பக்கம் காடி வாடை அடித்தது. முதலில் மோந்தவள் அவள்தான். மனசு குளிர்ந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்புறம் வாயு குறைந்து இன்ஜின் நின்றது. தொட்டியின் மேல்மூடி வழியாக நுரை பொங்கி, சுவரில் வழிந்து தெருவரை ஓடியது. தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கத்தினார்கள். அளவுக்கு மீறிக் கொட்டியதாகச் சொல்லி, அண்ணியின் ஒப்பந்தத்தை நிறுத்தினார்கள்.

அண்ணன் நிலையத்துக்கே வந்தான்.

“அவ வேணும்னு கொட்டினாளா, நீ வேணும்னு வாங்கினியா?”

“நான்தான் வேணும்னு வாங்கினேன்.”

“இதை உங்க ஆபீசர்கிட்ட சொல்லு.”

“கூடத்துல என்னை உட்கார விடாதப்ப நீ வாயைத் திறந்தியா? நான் மட்டும் எதுக்குத் திறக்கணும்?”

அண்ணன் திரும்பி நடந்தான். போகும்போது, “நீ என் தங்கச்சியே இல்ல” என்றான். “நல்லது” என்றாள்.

தொட்டியைத் தேற்றும் வேலை அவள் தலையில் விழுந்தது. உணவுக் கழிவை முழுக்க நிறுத்தி, புளிப்பை முறிக்கச் சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, வேறொரு நிலையத்திலிருந்து நல்ல கசடை டேங்கரில் வரவழைத்து விட்டாள். அப்படியும் தொட்டி தேறவில்லை. அந்த நாட்களில்தான் சலவைக்கூடத்து ஆயா ஒருத்தி வாசலில் வந்து நின்றாள்.

“வெந்நீர் எப்ப வரும்மா? களிம்புக் கறையெல்லாம் பச்சைத் தண்ணியில போகமாட்டேங்குது.”

ஆயாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. அந்தக் கைகளைப் பார்த்த பிறகு மூக்குக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் நேரே பொறியாளர் அறைக்குப் போனாள்.

“புளிக்கும்னு தெரிஞ்சேதான் சார் கதவைத் திறந்தேன்.”

“இதுக்கு நீ அன்னைக்கே என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாமே” என்றார் அவர். அவளைத் தொட்டியிலிருந்து எடுத்து, சாக்கடை வந்து விழும் முகப்பில் கம்பி வலையில் சிக்கும் கந்தலை வாரும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு வழியாக வாயு வந்தது. வெந்நீரும் போனது. அண்ணிக்கு ஒப்பந்தம் திரும்பக் கிடைத்தது, நாளொன்றுக்கு ரெண்டே லாரி என்ற கட்டுப்பாட்டோடு.

முதல் நாளே அண்ணி அவள் பக்கத்தில் லாரியை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கினாள்.

“இப்பத்தான் உனக்கு ஏத்த இடம்.”

மூக்குக்காரி நிமிராமல் வலையிலிருந்து ஒரு கந்தலை உருவி எறிந்தாள்.

“லாரியை எடுக்கச் சொல்லுங்க அண்ணி. வேலை கிடக்குது.”