மொன்ஜியாவின் கத்தி

எங்கள் ஊர் கஃப்ஸாவின் கலாச்சார மன்றத்தில் மாதம் ஒருமுறை நான் பேசுவேன். "இயற்கையைத் தேடிப் போகாதீர்கள். சும்மா உட்காருங்கள், அதுவே வந்து காட்சி கொடுக்கும்." என்னை 'உஸ்தாது', அதாவது ஆசான், என்று கூப்பிடும் இளம் புகைப்படக்காரர்கள் குறிப்பெடுப்பார்கள். பதினொரு வருஷம் அப்படி உட்கார்ந்ததில் எனக்குக் காட்சி கொடுத்தவை பெரும்பாலும் ஆடுகள்.

போன வருஷம் மே மாதம், மொன்ஜியா அக்காவின் தோட்டத்துச் சப்பாத்திக்கள்ளி வேலிக்குள் ஒரு குருவிக் கூடு கண்டேன். மூன்று குஞ்சுகள். விளிம்பில் குருவி செருகி வைத்த ஒரு துண்டு பாம்புச் சட்டை வேறு. ஆனால் கள்ளி மடல் ஒன்று வெளிச்சத்தை மறைத்தது.

"அக்கா, ஒரு கத்தி குடேன்."

"எதுக்கு லஸ்ஹர் உஸ்தாது? பழம் இன்னும் பழுக்கலையே."

"படத்துக்கு ஒரு ஒழுங்கு வேணும்கா."

"அதான் குருவியே ஒழுங்கா மறைவு பாத்துக் கட்டியிருக்கே!" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

மடலை வெட்டினேன். காலை வெயில் கூட்டுக்குள் விழுந்தது. மூன்று வாய்களும் விளக்குப் போல எரிந்தன. வெயில் காலையோடு நின்றுவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் போனபோது குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. தாய்ப்பறவை அலகில் வெட்டுக்கிளியோடு நின்று, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் படமெடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

'எதையும் தொடவில்லை' என்று கையெழுத்துப் போட்டு, முதல் நாள் எடுத்த படத்தைப் போட்டிக்கு அனுப்பினேன். தலைப்பு: 'நம்பிக்கை'. முதல் பரிசு.

விழாவில் நடுவர், "உத்வேகம் எங்கிருந்து வந்தது?" என்றார்.

"பொறுமையிலிருந்து" என்றேன்.

ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். "குஞ்சுங்க எல்லாம் நல்லா இருக்கா உஸ்தாது?"

"பறந்துடுச்சும்மா."

முன்வரிசையில் மொன்ஜியா அக்கா. மூன்றையும் தன் கையால் எடுத்து வேலியோரம் புதைத்தவள். என்னையே பார்த்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் உஸ்தாது, என் கத்தி எங்க?"

மன்றமே சிரித்தது. அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்தேன். "நாளைக்குக் கொண்டாறேன்கா."

கத்தி இன்னும் என் கேமரா பையில்தான் இருக்கிறது, கள்ளிச் சாறு காய்ந்து. நாளைக்கு, நாளைக்கு என்று வருஷம் ஒன்றாகிவிட்டது. அவள் வீட்டுக்கு அந்த வேலியைத் தாண்டித்தான் போக வேண்டும்.