நாலு விரல்கடைத் தூரத்தில் ஏழு மாடி

1

இந்தக் கதை ஓர் அதட்டலில் பிறந்தது. ஒரு படக் கண்காட்சியில், ஆறடி அகலப் படத்தின் மேல் மூக்கு உரச நின்றிருந்த ஒருவரைப் பார்த்துக் காவலாளி, "சார், தள்ளி நின்னு பாருங்க" என்றார். அந்த மனிதர் திரும்பி, "தள்ளி நின்னா எனக்குச் சுவருதான் தெரியும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு உறுத்தியது, எழுத உட்கார்ந்தேன். அவரைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. மனைவி, தங்கை, வேலை எல்லாம் நான் கொடுத்தவை.

2

மழை ஓய்ந்த ஒரு காலையில் அவள் தன் கேமராவை எடுத்துக்கொண்டு

வேண்டாம். மழையில் ஆரம்பித்தால் கேமரா நனையுமே என்ற கவலையிலேயே இரண்டு பத்தி போய்விடும். நேராகச் சொல்கிறேன்.

அவள் கட்டடங்களைப் படமெடுப்பவள். கணவருக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. கண்ணிலிருந்து நாலு விரல்கடைக்குள் இருப்பதுதான் துலக்கமாகத் தெரியும். தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்பது அவர் வேலை. நாளெல்லாம் ஊரார் குறையைக் கேட்டே பழகியவர், வீட்டில் ஒரு குறையும் சொன்னதில்லை. அவள் பெரிதாக அச்சிட்டு மாட்டும் ஒவ்வொரு படத்துக்கும் "நல்லாருக்கு" என்பார். பத்து வருடமாக.

ஒரு நாள் கூடத்துப் படத்தில் அவர் முகம் பதித்து நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க தெரியுது?"

"கட்டம் கட்டமா கலரு."

"கொஞ்சம் தள்ளி வந்தா?"

"ஒரே கலரு."

"அப்ப இத்தன வருஷமா நல்லாருக்கு நல்லாருக்குன்னீங்களே?"

"நீ எடுத்ததுன்னு தெரியும்ல. அதான்."

(இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதி, அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. கோபித்துக்கொண்டு போய்த் துணி மடித்தாள்.)

3

நாத்தனார் அச்சகம் வைத்திருந்தாள். பெரிய படங்களை அச்சிடுவது அவள்தான். கிட்டே போய்ப் பார்த்தாலும் கட்டம் கட்டமாக உடையாத படம் எடுக்குமாம் நூறு மெகாபிக்சல் கேமரா; அதைப் பற்றிப் படக்காரி கேட்டதும் இவள் சிரித்தாள்.

"எதுக்கு அண்ணி? பெரிய படத்த எட்ட நின்னுதான பாப்பாங்க. உங்க பழைய கேமராவோட பன்னெண்டு மெகாபிக்சலே தாராளம். கடைக்காரன் பேச்சக் கேட்டு ஏமாறாதீங்க."

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கூடப் பிறந்த அண்ணனின் கண் இவளுக்குத் தெரியாதா? தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைத்தான் வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. அதனால் அவளை மாற்றாமல் விட்டேன்.

அவள் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் சிக்கல்.

4

படக்காரி இரண்டு நாளுக்கு அந்தக் கேமராவை வாடகைக்கு எடுத்தாள். சனிக்கிழமை காலை எதிர்த்தெருவின் ஏழு மாடிக் குடியிருப்பை அதிலும் எடுத்தாள், தன் பழைய கேமராவிலும் எடுத்தாள். ஞாயிறு பிற்பகல் அச்சகத்தில் இரண்டு படங்களும் ஒரே அளவில், அருகருகே தொங்கின.

நாத்தனார் பத்தடி தள்ளி நின்று மாறி மாறிப் பார்த்தாள். "சத்தியமா எது எதுன்னே தெரியல அண்ணி."

படக்காரிக்கும் தெரியவில்லை. முகம் விழுந்துவிட்டது.

அவர் மட்டும் நேரே படத்துக்குப் போனார். பழையதில் ஒரு நிமிடம் நின்று நகர்ந்தார். அடுத்ததில் எக்கி, மேல் மாடியிலிருந்து ஆரம்பித்தார். இடமிருந்து வலம், ஒவ்வொரு பால்கனியாக, கடிதம் படிப்பதுபோல. இருவரும் காத்திருந்தார்கள். அச்சு இயந்திரம்கூட ஓய்ந்திருந்தது.

"அஞ்சாவது மாடில ஒருத்தி புருஷனுக்கு முடி வெட்டுறா" என்றார். "பயந்து போய் உக்காந்திருக்கான்."

"எங்க?" என்று ஓடிவந்தாள் படக்காரி. அவள் எடுத்த படம். அவளே பார்க்காத ஆள். அவர் விரல் வைத்துக் காட்டினார். கத்தரிக்கோல், கழுத்தில் துண்டு, இறுக மூடிய கண்.

"புருஷன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வேற எவன் இப்படிப் பயப்படுவான்?"

நாத்தனாரும் கிட்டே வந்தாள். "நகருண்ணா, நானும் பாக்கறேன்" என்று அவளும் மூக்கைக் கொண்டுபோனாள்.

5

கேமராவை மறுநாள் காலை திருப்பித் தர வேண்டும். விலைக்கு வாங்குவதென்றால் பழைய கேமராவையும் லென்ஸ்களையும் விற்க வேண்டும்.

ஒரு முடிவில் வாங்குகிறாள். இன்னொரு முடிவில், வருடத்துக்கு ஒருமுறை வாடகைக்கு எடுத்து, அவருக்கென்றே ஒரு படம். மூன்றாவதை நாத்தனார் சொன்னாள்: பழைய கேமராவிலேயே துண்டு துண்டாக எடுத்து ஒட்டிவிடலாம். (கட்டடம் அசையாது, சரி. முடிவெட்டுகிறவள் அசைவாளே?)

பத்துப் பேர் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் ஒரு ஜோடிக் கண்ணுக்குத் தெரிந்தால், அது தகுமா தகாதா? கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். முடிவு உங்களுடையது; மூன்றில் எதை எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் இப்போதே வேண்டாம். அவர் நாலாவது மாடிக்கு இறங்கியிருக்கிறார். அவர் உட்கார ஒரு நாற்காலியைப் பின்னால் நகர்த்திவைத்து, "மெதுவா பாருங்க" என்கிறாள் படக்காரி.