மீசை வைத்த சக்களத்தி

என் வீட்டுக்காரருக்கு வேறொரு ஆளோடு பழக்கம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பினாலும், அந்த ஆள் யார் என்று தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மீசை வைத்த ஆள். எப்போதும் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பதால் எங்கள் வீட்டில் அவனுக்கு வெள்ளைக்கோட்டு என்றே பெயர். உண்மையான விசுவாசிக்கு வியாதி கிடையாது, மருந்தைத் தேடுகிறவன் ஆண்டவரைச் சந்தேகப்படுகிறவன் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டு முழங்குகிற பிரசங்கி அவன்.

இவருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. சரி, ஆகாத ஆளின் பேச்சை ஒரு மனிதன் எதற்காகத் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து கேட்க வேண்டும்? கேட்டால்தானே மறுப்புச் சொல்ல முடியும் என்பார். லிப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வந்து, கையிலிருக்கும் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவி, நான் வைத்த டீ ஆறி ஆடை கட்டும்வரை படுக்கையறையில் லேப்டாப்பில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவன் மேடையில் இருமினால், “போன வாரத்துலேர்ந்தே இவனுக்குத் தொண்டை சரியில்ல” என்பார். எனக்கு ஒரு மாதமாகத் தோள்பட்டை வலி. அதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

கேட்டு முடித்ததும் அடுத்த கூத்து. படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, செல்போன் முன்னால் உட்கார்ந்து மறுப்பு வீடியோ எடுப்பார். குக்கர் விசிலடித்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். நானும் அண்ணியும், அதாவது எங்களோடு இருக்கும் அவருடைய அக்காவும், வீட்டுக்குள் திருட வந்தவர்கள் மாதிரி அடிமேல் அடி வைத்து நடப்போம். மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் ‘அன்பானவர்களே’ என்று ஆரம்பிப்பார். கதவில் காதை வைத்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் கேட்காது. அந்த வீடியோவைப் பார்க்கிற அன்பானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்டின பெண்டாட்டி அடுப்படியில் நிற்கிறாள், அவள் எந்தக் கணக்கிலும் இல்லை.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறு பற்றி எரிந்தது. ஒரு பொம்பளையாக இருந்தால் தேடிப்போய் முடியைப் பிடித்து இழுத்திருப்பேன். பிரசங்கியை என்ன செய்வது? ‘ஆண்டவரே, அவனுக்கு ஒரு மாசம் தொண்டை கட்டட்டும்’ என்று ஜெபம் செய்து பார்த்தேன். அந்த இருமலோடு நின்றுவிட்டது.

ஜெபம் பலிக்காதபோது, அண்ணி காதில் விழாமல் தாழ்ந்த குரலில் வாயைத் திறந்தேன்.

“சபை ஆண்டவரோடது. அதைக் காப்பாத்த அவருக்குத் தெரியாதா? அவர் கையில விட்டுட்டு வந்து சாப்பிடுங்க.”

“லிப்டுல ஒரு போல்ட் தளர்ந்திருக்குறதைக் கண்ணால பாத்துட்டேன். ஆண்டவர் பாத்துப்பாருன்னு ஸ்பேனரைப் பையில போட்டுட்டு வரச் சொல்றியா?”

“உங்க லிப்டை நீங்க பாருங்க. உலகத்துல இருக்குற அத்தனை லிப்டுக்கும் நீங்க ஒருத்தர்தான் மெக்கானிக்கா?”

“பொய்யைப் பாத்துட்டுச் சும்மா இருக்குறவன் அதுக்குக் கூட்டாளி.”

“ஆண்டவரையே நீங்கதான் தாங்கிப் பிடிச்சிருக்கீங்கன்னு நினைக்கிறீங்களே, அது மட்டும் விசுவாசமா?”

வாய் என்னவோ ஆண்டவருடைய ஆளுகையைப் பற்றித்தான் பேசியது. மனசு கேட்டது வேறு. மனுஷா, என் பக்கம் கொஞ்சம் திரும்பேன் என்றுதான் அது கேட்டது. இந்த வெட்கக்கேட்டை வெளியே சொல்ல முடியுமா?

என் பக்கத்துக்குச் சாட்சியும் கிடைத்தது. நான் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். வெள்ளைக்கோட்டு எங்கள் ஊருக்கே வந்து கூட்டம் போட்டபோது, கண்ணாடியைக் கழற்றி மேடையில் எறியுங்கள், பார்வை வரும் என்றிருக்கிறான். எறிந்திருக்கிறார்கள். அடுத்த வாரமே ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு கடைக்கு வர ஆரம்பித்தார்கள். ஒருவர், “பஸ்ல தொலைஞ்சுபோச்சு” என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, “ஆமா, பெரிய பஸ்ஸு, மேடையெல்லாம் வச்ச பஸ்ஸு” என்றாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபிரேமைச் சூடுகாட்டி, லென்ஸைப் பொருத்தி, பொடி ஸ்குரூவை முடுக்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவர் காதருகே போய்ச் சொன்னேன்: “அவங்க யாரும் உங்க வீடியோவைப் பாக்கல. ஆண்டவர் குடுத்த கண்ணே அவங்களுக்குப் பதில் சொல்லிடுச்சு, பாத்தீங்களா?”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு நேராக லேப்டாப்புக்குத்தான் போனார். காதில் வழக்கம்போலப் பெரிய ஹெட்போன். சாப்பிடக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். வெள்ளைக்கோட்டு என்னமோ சொல்ல, இவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ, போய் ஹெட்போனைக் காதிலிருந்து உருவினேன்.

“இனிமே இது கிடையாது. அப்படி என்ன தேன் ஒழுகுதுன்னு வீடே கேக்கட்டும்.”

ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேல் பழைய பெட்டிக்குப் பின்னால் அதை எறிந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. அன்றிலிருந்து வெள்ளைக்கோட்டு எங்கள் வீட்டில் வாய்விட்டே பேசினான்.

படுக்கையறைச் சுவருக்கு மறுபக்கம் கூடம். அங்கேதான் அண்ணியின் தையல் மெஷின். அந்த மெஷினில் உட்கார்ந்துதான் தம்பியைப் படிக்கவைத்தார். தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. கண்ணில் அழுத்தம் இருக்கிறதென்று காலையும் இரவும் சொட்டு மருந்து விட்டுக்கொள்வார். அதை அவரே பார்த்துக்கொள்வார் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

சில மாதம் போயிருக்கும். இடது கைப்பக்கம் வைத்த டம்ளரை அண்ணி தட்டிவிட்டார். மறுநாள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். தையல் மட்டும் கொஞ்சமும் கோணாமல் நேராக ஓடியது. ஆனால் இப்படி ஓரத்தில் இடித்துக்கொண்டு வருகிறவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். எனக்குச் சுருக்கென்றது. கையோடு அழைத்துப்போனேன்.

எங்கள் கடையில் கண் பார்க்கும் டாக்டரம்மா அழுத்தத்தைப் பார்த்தார், நம்பாதவர் போல மறுபடியும் பார்த்தார். பிறகு அண்ணியைப் பெட்டி போன்ற மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். இடது ஓரத்தில் புள்ளிகள் வந்துவந்து போயின. அண்ணியின் விரல் அசையவே இல்லை.

“சொட்டு மருந்தை எப்ப நிறுத்தினீங்க?”

அண்ணி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன பார்வை திரும்ப வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தலாம். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். விஷயம் கேட்டு இவர் கிரீஸ் கையோடு வீட்டுக்கு ஓடிவந்தார்.

“ஏன்க்கா நிறுத்தின? யாரு சொன்னா?”

“அந்த வெள்ளைக்கோட்டுதான்.”

“அவன் பொய்யன்க்கா! அதைத்தானே நான் தினமும் சொல்லிக்கிட்டு இருக்கேன்!”

“எங்கடா சொன்ன? அவன் சொல்றதுதான் தினமும் சுவரைத் தாண்டி வருது. நீ சொல்றப்போ கதவைச் சாத்திக்கிற.” அப்புறம் அண்ணி சொன்னார்: “நீ சாப்பிடாமக்கூட உக்காந்து கேட்ட. தப்பான ஆளா இருந்தா என் தம்பி இவ்வளவு ஆசையா கேப்பானான்னு நினைச்சேன்.”

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹெட்போனைப் பிடுங்கியது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார் அண்ணி’ என்று சொல்ல அண்ணியின் கையைப் பிடித்தேன். இத்தனை நாள் சரளமாக வந்த அந்த வார்த்தை வரவில்லை. எறிந்த கண்ணாடிக்கு வேறு கண்ணாடி மாட்டிவிடலாம். இதற்கு எங்கள் கடையில் ஒன்றும் இல்லை.

அதன்பிறகு இவர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. காலையும் இரவும் அக்காவுக்குச் சொட்டு மருந்து விட்டார். டீயைச் சூடாகவே குடித்தார். நான் கூப்பிட்டதும் சாப்பிட வந்தார். “தோள்பட்டை எப்படி இருக்கு?” என்றுகூடக் கேட்டார். நான் கேட்ட வரமெல்லாம் வரிசையாகக் கிடைத்தது. ஆனால் சாவி கொடுத்த பொம்மை மாதிரி எதிரே உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “இனிமே நான் எதுவும் பேசப் போறதில்ல. நீ சொன்னதுதான் சரி. எல்லாம் ஆண்டவர் பாத்துக்கட்டும்.”

இத்தனை வருஷச் சண்டையில் முதல்முறையாக முழுசாக ஜெயித்தேன். ஜெயித்த சோற்றைத் தட்டோடு தள்ளிவைத்தேன். என் வாயில் அந்தப் பேச்சு பொறாமையிலிருந்து வந்தது. இவர் வாயில் ஒடிந்துபோனதிலிருந்து வந்தது. இரண்டு பேருமே அதை நம்பிச் சொல்லவில்லை.

எழுந்து ஸ்டூலைப் போட்டேன். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஹெட்போனை எடுத்து, தூசியை முந்தானையில் துடைத்து அவர் மடியில் வைத்தேன். சக்களத்தியை நானே வாசல்வரை போய் அழைத்துவந்த மாதிரி இருந்தது. நெஞ்செரிச்சலோடுதான் வைத்தேன்.

“அவன் சொல்றதைக் காதுக்குள்ள கேளுங்க. உங்க பதிலைக் கதவைத் திறந்து வச்சுச் சொல்லுங்க. முதல்ல நம்ம லிப்டைப் பாருங்க, மத்த லிப்டையெல்லாம் ஆண்டவர் பாத்துக்கட்டும்.”

“ஃபேன் சத்தம் விழுமே.”

“விழட்டும்.”

மறுநாள் சாயங்காலம் செல்போனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். தையல் மெஷினுக்கு எதிரே, அக்காவின் வலது கைப்பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. நான் அடுப்படியில் நின்று ‘அன்பானவர்களே’ வருமென்று காத்திருந்தேன்.

“அக்கா, நான் பேசுறது கேக்குதா?” என்றார்.

அண்ணி மெஷினை நிறுத்தினார். “கேக்குதுடா, சொல்லு.”

குக்கர் விசிலடித்தது. அவர் நிறுத்தவில்லை, குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே போனார். மருந்தைப் பற்றி, விசுவாசத்தைப் பற்றி, தன் அக்காவின் கண்ணைப் பற்றி. நல்ல பேச்சுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அக்காவிடம் கேட்டவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? எனக்குப் பழையபடி வயிறு பற்றிக்கொண்டது.

கரண்டியைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்குப் போய் நின்றேன்.

“எனக்கும்தான் கேக்குது!” என்றேன்.