கேள்வித்தாளோடு சண்டை போடாத சுசீலாக்கா

1

இந்தக் கதை தொண்ணூற்றிரண்டு சொற்களிலிருந்து பிறந்தது. சுசீலாக்கா எழுதி என்னிடம் திருத்தக் கொடுத்தவை. கேட்டது இருநூற்றைம்பது. பல்கலைக்கழகம் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான மூவெட்டுக்கு (MUET) அது ஒரு பயிற்சிக் கட்டுரை.

அக்காவுக்கு நாற்பத்தொன்று. சுங்கை ஊடாங்கில் ஒரு கான்ட்ராக்டரின் ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் மாதிரிகளைச் சோதிக்கிறார். இரண்டு முறை தேர்வு எழுதியும் வேண்டிய பேண்ட், அதாவது தரநிலை, கிடைக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை மூன்றாவது முறை. இதுவும் போனால் பகுதிநேரப் பட்டப்படிப்பில் கிடைத்த இடமும் போகும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஜாசின் பேருந்து நிலையத்தில் அன்று மழை

(மழை பெய்யவில்லை. வேலை முடிந்து வந்து எழுதுகிறேன். களைத்தவன் கையில் மழை தானாக வந்துவிடுகிறது.)

2

கேள்வி ஒரு கருத்தைச் சொல்லி, எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்கும். 'மேலாளரின் முடிவை ஊழியர்கள் கேள்வி கேட்கக்கூடாது.' அக்கா முழுமையாக ஒப்புக்கொண்டார். எப்போதும் அப்படித்தான். தொண்ணூற்றிரண்டு சொற்களில் விஷயம் தீர்ந்துபோயிற்று.

இந்தக் கட்டுரை எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். எனக்கு அது பிடிக்கும். முதல் பத்தியிலேயே நம் நிலைப்பாடு. பிறகு காரணம், உதாரணம். அதற்கப்புறம்தான் அழகு: எதிராளியை நாமே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவன் கேட்பதைக் கேட்கவிட்டு, பதில் சொல்ல வேண்டும்.

"அது எப்படி லா? படிச்சவங்க அச்சடிச்சுக் கேக்குறாங்க. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்றதா?" என்றார் அக்கா.

3

இங்கே ஒரு முடிவு வைத்திருந்தேன்: மூன்றாவது முறை சுசீலாக்கா தேறினார். அன்றுதான் அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு

நிறுத்தியது நானல்ல. வியாழக்கிழமை, கடையில் தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அக்கா இதைப் படித்துவிட்டார்.

"இத நான் ஒத்துக்க மாட்டேன், தம்பி. பாஸானாதான் எனக்கு மூஞ்சியே வருமா? பதினோரு வருஷமா சாம்பிள் பாக்குறேன். போன மாசம்கூட மெஷின் தப்பா காட்டுதுன்னு நான்தான் கண்டுபிடிச்சேன். ரிப்போர்ட்ல கையெழுத்து மட்டும் டிகிரி வச்சிருக்கிற கிஷன் போடுறான். அப்புறம் எதுக்குக்கா படிக்கிறீங்கன்னு நீ கேப்ப. அந்தக் கையெழுத்த நான் போடறதுக்கு. மூஞ்சிக்கு இல்ல."

விரல் விட்டு எண்ணினேன். நிலைப்பாடு, காரணம், உதாரணம், எதிராளி, பதில். எனக்கு நாற்காலிகூடப் போட்டுவிட்டார்.

"அக்கா, இப்படியேதான் சனிக்கிழமை இங்கிலீஷ்ல எழுதணும்."

"உன்கூட சண்ட போடலாம், நீ தெரிஞ்ச புள்ள. கேள்வித்தாள்கூட யாரு லா சண்ட போடுவா?"

4

தேறவில்லை என்றும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை காலை தேர்வு மண்டப வாசலில் அவரை இறக்கிவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"தம்பி, கேள்வித்தாளுக்கு உன் பேர வச்சுக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெளியே வந்தவர் தூங்க வேண்டும் என்றார். தேர்வு முடிவு வர இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன.

ஆகவே, கதை இங்கேயே நிற்கட்டும் என்பது என் நிலைப்பாடு. எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்? நாற்காலி போட்டிருக்கிறேன்.