கட்டம் சேர்ந்த சட்டை

படம் தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் அவளுடைய வீட்டுக்காரர் திரையில் மூன்று தடவை செத்துவிட்டார். தரையில் சம்மணம் போட்டிருந்த மகள் விரல் விட்டு எண்ணினாள்.

"அம்மா, மூணு! இப்ப தாடியோட வந்ததும் அப்பாதானே?"

"அப்பாவேதான். உங்க மாமாகிட்ட இருந்த ஒரே ஒட்டுத்தாடி அது."

"அக்கா, கிண்டல் பண்ணாதே," என்றான் தம்பி. படம் எடுத்தவன் அவன்தான். வெளியே காட்டுவதற்கு முன் அக்கா வீட்டில் காட்ட வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல் துணியை இழுத்துவிட்டு டிவியில் போட்டிருந்தான். கையில் காசில்லாத டைரக்டருக்கு அடியாள் படை ஏது? அத்தான் ஒருத்தர்தான் படை. தொப்பி வைத்து ஒரு தடவை, கண்ணாடி போட்டு ஒரு தடவை என்று மாறி மாறி அடிவாங்கி விழுந்தார்.

"இத்தனை தடவை செத்தும் ஆள் கல்லுமாதிரி இருக்கேன் பாரு," என்றார் அவர். பார்சல் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர். வருகிற புதன்கிழமை தம்பியின் அடுத்த படம் ஆரம்பம். அதில் இரண்டு மாடி உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். சரி என்று சொல்லியும் விட்டார்.

அவளுக்கும் இந்தப் படத்தில் பங்கு உண்டு. தையல்காரி அல்லவா? கட்டம் போட்ட சட்டை நாலு தைத்துக் கொடுத்தாள். மூன்று விழுவதற்கு, தோளிலும் முதுகிலும் உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தவை. ஒன்று மட்டும் கிட்டத்தில் நின்று பேசும் காட்சிக்கு. அதில் ஸ்பாஞ்ச் இல்லை. ஆனால் நெஞ்சுப் பையை உடம்புத் துணியின் கட்டத்தோடு இம்மி பிசகாமல் சேர்த்திருந்தாள். மற்ற மூன்றிலும் துணி போதவில்லை. பையில் கட்டம் கோணிக்கொண்டுதான் நிற்கும்.

ஆறு சாவும் முடிந்தது. ஏழாவதுக்கு அவர் கிடங்குக் கூரை விளிம்பில் வந்து நின்றார். கேமரா நெஞ்சருகே போயிற்று. கட்டத்தின் கோடு பைக்குள் நேராக நுழைந்து, மறுபக்கம் நேராக வெளியே வந்தது. அடுத்த நொடி, ஷாட் மாறாமலே, அவர் மல்லாந்து விழுந்தார்.

"ஏழு!" என்று மகள் கைதட்டினாள்.

அவள் தம்பியின் கையைத் தட்டித் திரையைக் காட்டினாள். "நிறுத்துடா. இது நின்னு பேசுற சட்டையாச்சே, இதைப் போட்டுக்கிட்டா குதிச்சாரு?"

தம்பி தலையைச் சொறிந்தான். "மத்த மூணும் ரத்தச் சாயத்துல ஊறிப்போச்சுக்கா. கடைசி நாள் வேற, வெளிச்சமும் போய்க்கிட்டிருந்துச்சு. அத்தான்தான், 'இதுலயே குதிக்கிறேன், விடு'ன்னாரு. எழுந்திரிச்சு சிரிச்சாரேக்கா."

அந்தக் கடைசி நாள்தான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து, தெருமுனை மணலில் வண்டி சறுக்கிவிட்டது என்றார். பாவம், ஆறு மாசமாக அவள் அந்த மணலைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"கையைத் தூக்குங்க," என்றாள்.

"எதுக்கு இப்ப?"

"என் தம்பி பார்க்கட்டும். இடது கை."

அவர் தூக்கினார். கை நெஞ்சு மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. மேலே போனதுபோல் காட்ட உடம்பைச் சாய்த்தார். கழுத்து நரம்புதான் புடைத்தது.

"வண்டி சறுக்கின அடி ஆறிப்போச்சுன்னு சொன்னீங்களே, அத்தான்," என்றான் தம்பி.

"குதிக்கிறதுக்குத் தோள் எதுக்குடா, மச்சான்?" அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: "நாள் பூரா வலது தோள்ல மூட்டை தூக்குறேன். எவன் நிமிர்ந்து பார்க்கிறான்? அன்னிக்கு நான் விழுந்ததும் அங்க நின்ன அத்தனை பேரும் கைதட்டினாங்க. உனக்கு அது தெரியாது."

அவள் தம்பியிடம் திரும்பினாள்.

"புதன்கிழமை நீ கூப்பிட்டா இவர் வருவார். என்னால கட்டிப்போட முடியாது. கூப்பிடுவியா?"

தம்பி ரிமோட்டைக் கீழே வைத்தான். "இல்லக்கா."

"வேற எவனையோ குதிக்க வெப்பியா?" என்றார் அவர்.

"யாரும் குதிக்க வேணாம், அத்தான். கதையை மாத்திக்கிறேன்."

"உன் கதை, உன் இஷ்டம். படத்தைப் போடு."

மிச்சப் படம் ஓடியது. கதாநாயகன் ஜெயித்தான். யாரும் கைதட்டவில்லை. அவள் எழுந்து போய் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் விலகவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. அந்தத் தோளில் கை வைக்க வேண்டும்போல் இருந்தது. கையைக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். எந்த இடத்தில் தொட்டால் வலிக்காது என்பது அவளுக்குத் தெரியவில்லை.