கணவாயில் ஓதிய மன்றாட்டுமாலை

பெனாருபியா கோட்டை சரணடைந்த நான்காம் நாள் காலை. ஆயர் சுவேரோ வீங்கிப்போன இடது காலை, வலிக்கு இதமாகக் காடி ஊற்றிய தொட்டிக்குள் வைத்தபடி கூடாரத்தில் உட்கார்ந்து கொண்டைக்கடலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டிய கனத்த உடம்பு. காஸ்டீல் அரசரின் கடிதங்களை எழுதுவதும், அவருக்கு யோசனை சொல்வதும் பதினோரு ஆண்டுகளாக அவர் வேலை. கோட்டைக்குள் இருந்த மூர் இன முஸ்லிம்களோடு உடன்படிக்கை பேசி எழுதியதும் அவர்தான். சுமக்க முடிந்ததைச் சுமந்துகொண்டு அறுநூறு பேரும் உயிரோடு தெற்கே போகலாம், யாரும் தொடமாட்டார்கள் என்று அரசர் சிலுவையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார். அவர்கள் கிளம்பும் நாள் அன்றுதான்.

அவருடைய கோவேறு கழுதையை ஓட்டும் மெந்தோ உள்ளே வந்து தொட்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"ஆண்டகை, ஃபோர்த்தூன் பிரபு அறுபது குதிரையோட கணவாய்ப் பக்கம் போயிருக்காரு. வேட்டையாம்."

"போகட்டுமே."

"ஒரு நாயக்கூடக் கூட்டிட்டுப் போகல. எல்லாரும் இரும்புச் சட்டை போட்டிருக்காங்க. முயல் திருப்பி அடிக்கும்னு பயமோ என்னவோ."

சுவேரோ கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மூர்கள் தெற்கே போக அந்தக் கணவாயை விட்டால் வேறு வழி கிடையாது. ஈரக்காலைத் துடைக்காமலே செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு அரசரின் கூடாரத்துக்கு நடந்தார்.

அரசருக்கு இருபத்துமூன்று வயது. முற்றுகையின்போது மதில் மேலிருந்து வந்த அம்பு ஒன்றில் அவருடைய தம்பி செத்துப்போயிருந்தான். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆயர் விஷயத்தைச் சொன்னதும் அரசர் அவரைப் பார்க்காமல் கூடாரத் துணியைப் பார்த்தபடி பேசினார்.

"நான் யாருக்கும் எதுவும் சொல்லல, ஆண்டகை. ஃபோர்த்தூன் வேட்டைக்குப் போறேன்னான். போன்னேன்."

"ஆள் அனுப்பித் திரும்பி வரச் சொல்லுங்க, மகாராஜா."

"வேட்டைக்குப் போனவன எதுக்குக் கூப்பிடணும்?"

"இதுக்கு அந்தாண்ட இன்னும் எட்டுக் கோட்டை இருக்கு. அத்தனை பேரும் இன்னைக்கு இந்த வழியத்தான் பாத்துட்டிருப்பாங்க. இங்க ரத்தம் விழுந்தா அப்புறம் ஒருத்தனும் கதவத் தெறக்கமாட்டான். எட்டையும் நாம கல்லு கல்லாப் பேத்துதான் எடுக்கணும்."

"என் தம்பியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லமாட்டீங்களா?"

"அவருக்கு ஞானஸ்நானம் குடுத்தது நான். நேத்தும் அவருக்காகத்தான் பூசை வச்சேன். சத்தியம் வேற, துக்கம் வேற, மகாராஜா."

சுவேரோ சற்று நேரம் காத்திருந்தார். அரசர் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. இந்த வாய் பேசவே போவதில்லை என்று ஆயருக்குப் புரிந்துவிட்டது. தலை வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

"மெந்தோ, பெட்டியத் திற. பண்டிகை உடுப்பு எல்லாத்தையும் எடு. முடி, செங்கோல், தங்கச் சரிகை மேலங்கி, எல்லாம்."

"இந்த ஆகஸ்டு வெயில்லயா? வெந்துபோயிடுவீங்க."

"வேகட்டும். யாருன்னு தெரியாம வெட்டிட்டோம்னு நாளைக்கு ஒருத்தனும் சொல்லக்கூடாது."

கோட்டை வாசலில் அறுநூறு பேரும் மூட்டைகளோடும் கழுதைகளோடும் நின்றார்கள். அவர்களுடைய தளபதி மர்வான் ஒல்லியான மனிதர், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. திருவிழாத் தேர் மாதிரி ஜொலித்துக்கொண்டு வந்த ஆயரை ஏற இறங்கப் பார்த்தார். சுவேரோவுக்கு அரபி நன்றாகவே வரும்.

"என்ன இது, இவ்வளவு ஜோரா?" என்றார் மர்வான்.

"உங்கள வழியனுப்ப வந்தேன்."

"வழியில என்ன இருக்கு? மறைக்காமச் சொல்லுங்க."

"குதிரைக்காரங்க இருக்காங்க. அறுபது பேர்."

மர்வானின் முகம் இறுகியது. "அப்படின்னா நாங்க உள்ள போய்க் கதவச் சாத்திக்கிறோம்."

"கதவு இப்ப எங்க ஆளுங்க கையில இருக்கு. முன்னாடி போறதத் தவிர வேற வழி இல்ல, தளபதி. நான் முன்னால போறேன். கத்தி வந்தா மொதல்ல என்மேலதான் வரும். எவ்வளவு பெரிய உடம்பு பாருங்க, தாண்டி வர நேரமாகும்."

மர்வான் சிரிக்கவில்லை. ஆனால் தன் மக்களைப் பார்த்து நடக்கச் சொல்லிக் கை காட்டினார்.

கணவாயின் குறுகலான இடத்தில் ஃபோர்த்தூன் பிரபு வழியை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால் கருவாலி மரங்களுக்கு இடையில் குதிரைகள் தெரிந்தன. மெந்தோ கழுதையின் கயிற்றை விடாமல் பிடித்திருந்தான்.

"ஒதுங்குங்க, ஆண்டகை," என்றார் பிரபு.

"எங்க ஒதுங்க? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம்."

"விளையாடாதீங்க. இது அரசரோட விருப்பம்."

"அப்படியா? வாயால சொன்னாரா?"

பிரபுவின் பார்வை ஆயரின் முகத்தைவிட்டு விலகியது.

சுவேரோ கழுதையை இன்னும் இரண்டடி முன்னால் நகர்த்தினார். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் இப்பதான் அவர்கிட்டயிருந்து வர்றேன். 'யாருக்கும் எதுவும் சொல்லல'ன்னு என்கிட்டயே சொன்னாரு. நாளைக்கு ரோமாபுரிலேர்ந்து ஆள் வந்து கேட்டாலும் அதத்தான் சொல்லுவாரு. அப்ப ஆயரக் கொன்னது யாரு? நீங்கதான். உங்க பேர் மட்டும்தான் நிக்கும். நல்லா யோசிங்க. எனக்கு அவசரமில்ல, வேர்வைதான் தாங்கல."

பிரபு யோசித்தார். அவர் கொடூரமானவராக இருக்கலாம், முட்டாள் இல்லை. வாளின் பிடியில் இருந்த கையை எடுக்கவும் இல்லை, வாளை உருவவும் இல்லை.

அவர் முடிவெடுக்கும்வரை காத்திருந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. சுவேரோ நிமிர்ந்து உட்கார்ந்து, மலை எதிரொலிக்கும் குரலில் கூப்பிட்டார்: "பிள்ளைகளே, போர் முடிஞ்சு உசிரோட நிக்கிறீங்க. இறங்கி வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோங்க."

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு நரைத்த தாடிக்காரர் ஒருவர் குதிரையைவிட்டு இறங்கி, தலைக் கவசத்தைக் கழற்றிவிட்டு முழங்கால் போட்டார். அவர் பக்கத்தில் இருந்தவர் இறங்கினார். ஆசீர்வாதம் வேண்டாமென்று குதிரைமேல் உட்கார்ந்திருக்க யாருக்கு மனம் வரும்? கொஞ்ச நேரத்தில் அறுபது பேரும் தரையில் இருந்தார்கள். கடைசியாகப் பிரபுவும் இறங்கினார்.

ஆயர் மன்றாட்டுமாலையைத் தொடங்கினார். இடது கையால் முதுகுக்குப் பின்னால் மர்வானுக்கு ஜாடை காட்டினார். சுவேரோ ஒவ்வொரு புனிதரின் பெயராகச் சொல்ல, வீரர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முணுமுணுக்க, பாறையை ஒட்டிய இடைவெளியில் மூர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். பெண்கள் குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். அப்போஸ்தலர்கள் முடிந்தார்கள், மறைசாட்சிகள் முடிந்தார்கள், கன்னியர் முடிந்தார்கள். வரிசை மட்டும் முடியவில்லை. சுவேரோ தன் மறைமாவட்டத்தில் எந்தெந்தக் குக்கிராமத்துக் கோயிலில் எந்தப் புனிதர் இருக்கிறார் என்று யோசித்து யோசித்துச் சொன்னார். அதுவும் தீர்ந்ததும் அப்போஸ்தலர்களிடம் திரும்பவும் வந்தார். பேதுருவின் பெயர் மூன்றாம் முறை வந்தபோது ஃபோர்த்தூன் தலையைத் தூக்கி முறைத்தார். ஆனால் "வேண்டிக்கொள்ளும்" என்றார். கடைசிக் கழுதை வளைவில் மறைந்த பிறகுதான் "ஆமென்" கேட்டது.

அன்றே ஆயரின் அரசவைப் பதவி போயிற்று. அரசர் அவர் முகத்தைப் பார்க்க மறுத்தார். சுவேரோ தன் ஊருக்குத் திரும்பி, பூசை வைத்து, கணவன் மனைவி சண்டைகளைத் தீர்த்துவைத்து, நிம்மதியாகத் தூங்கினார். தான் செய்தது சரியா என்று ஒரு நாளும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஃபோர்த்தூன் பிரபுவே அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அடுத்த கோட்டைக்காரன் கதவத் தெறக்கறானாம். அன்னைக்கு மர்வான் நேரா அங்கதான் போயிருக்கான். வெயில்ல தங்க உடுப்புப் போட்டு வந்த கிழவன் உடன்படிக்கைய எழுதுனாத்தான் நம்புவோம்கிறாங்களாம். அரசர் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"வாயால சொன்னாரா?"

பிரபு பல்லைக் கடித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சொன்னாரு, ஆண்டகை. சபையில, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"அப்ப உள்ள வாங்க. சாப்பிட்டுக் கிளம்பலாம். ஆட்டுக்கறி வெந்துட்டிருக்கு."

அந்த ஆண்டு அறுவடைக்குள் மூன்று கோட்டைகள் ஓர் அம்புகூடப் பறக்காமல் திறந்தன. மூன்று முறையும் வெளியேறிய மக்களுக்கு முன்னால் ஆயரின் கழுதை போனது. அதற்குப் பக்கத்தில், யாரும் சொல்லாமலே, ஃபோர்த்தூன் பிரபுவின் குதிரையும் போனது.