என்ன வேணும்?

அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "என்ன வேணும்மா?" என்று கேட்கிறாள் என்பது சாவியக்காவுக்கே தெரியாது. சரக்கு அறை, வெள்ளிப் பாத்திர அலமாரி, விருந்தினர் அறைகள் என்று அந்த மாளிகையின் சாவி மொத்தமும் அவள் இடுப்பில் தொங்கியதால் வந்த பெயர் அது. வீட்டு எஜமானியை வேலைக்காரர்கள் எல்லோரும் 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த மகராசி கட்டிலில் புரண்டு படுத்தால்கூட இவள் கதவருகே நின்று, "என்ன வேணும்மா?" என்று கேட்டாக வேண்டும். ஒரு தடவை கேட்கத் தவறினால் போதும், வீடு இரண்டாகிவிடும்.

அன்று காலையில் வேண்டியது சாவியக்காவுக்கு. வேறெதுவும் இல்லை, லீவுதான்.

விடிந்ததும் மகள் போன் செய்திருந்தாள். "தேதிய முன்னாடி கொண்டுவந்துட்டாங்கம்மா. நாளைக்குக் காலையிலயே ஆபரேஷன் பண்ணிக் குழந்தைய எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாங்க. நீ வந்துடுவல்ல?"

மகள் அழவில்லை. போன தடவை அழுதாள். வீட்டில் ஐயாவின் பிறந்தநாள் விருந்து என்று அப்போது இவளை விடவில்லை. மருமகனுக்குக் கப்பலில் வேலை, நினைத்த நேரத்தில் இறங்கி வர முடியுமா? மகள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள், கையில் குழந்தை இல்லாமல் தனியாகவே வீட்டுக்கு வந்தாள். அந்த நேரத்தில் பெற்ற தாய் இங்கே கேக் வெட்டும் கத்திக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அம்மா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கம்மலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"லீவா? இன்னிக்கா? ஏய், உனக்கு மூளை கீளை இருக்கா? சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவையா சாப்பிட வர்றாங்க. நாலு நாள் தங்கப்போறாங்க."

"அடுத்த வாரம் தர்றேன்னு நீங்கதாம்மா சொன்னீங்க. அதையே கொஞ்சம் முன்னாடி..."

"ஆஸ்பத்திரியில நர்ஸுங்க இல்லியா? நீ போய் என்ன, கத்தியப் பிடிக்கப் போறியா?" என்றவள், இவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் குரலில் தேனைத் தடவிக்கொண்டாள். "உன்னை நான் வேலைக்காரியாவா நினைக்கிறேன்? நீ எங்க குடும்பம் மாதிரி. குடும்பத்துல இருக்கிறவங்க லீவு கேப்பாங்களா, சொல்லு?"

இந்த ஐஸ் புதிதா என்ன? சம்பளம் கூட்டிக் கேட்டாலும் குடும்பம் மாதிரி, காய்ச்சல் வந்து படுத்தாலும் குடும்பம் மாதிரி. அந்தக் குடும்பத்துக்குப் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, கைப்பிடி உடைந்த ஒரு கோப்பை. சாவியக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மா அலமாரியைத் திறந்து தன்னுடைய பழைய புடவை ஒன்றை எடுத்து நீட்டினாள். "இன்னிக்கு அந்தச் சாம்பல் யூனிஃபார்ம் வேண்டாம். இதக் கட்டிக்க. பாக்கறவங்க கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்."

சமையலறையில் 'கையுறை' வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பட்லர் வேலைக்கென்றே படித்துவிட்டு வந்தவர். குளிக்கும்போதாவது அந்த வெள்ளைக் கையுறையைக் கழற்றுவாரா என்று வேலைக்காரர்களுக்குள் பந்தயமே நடந்தது. ஆள் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை.

"மேசைய விட்டு ரெண்டடி தள்ளி நிக்கணும். அவங்க பேசறது நம்ம காதுல விழக்கூடாது. நாற்காலியில உக்காந்தவங்க விருந்தாளி. அவங்க யாரு, எவருன்னு ஆராய்ச்சி பண்றது நம்ம வேலை இல்ல. முதல்ல மடியில நாப்கின், அடுத்து சூப்."

"பூனை ஏறி உக்காந்தா?" என்றார் சமையல் மாஸ்டர், கரண்டியை ஆட்டிக்கொண்டே.

"உக்காந்தா சூப்தான்."

மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். சாவியக்காவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னாச்சுக்கா? விட்டாங்களா?"

"எங்க விட்டாங்க? நான் குடும்பமாம்."

"கெட்டுது குடி!" மாஸ்டர் அடுப்பைத் தணித்தார். "பேசாம பின்பக்கமாக் கிளம்பிப் போயிடுக்கா. நான் பாத்துக்கறேன்."

"திருடியா நானு, பின்பக்கமா ஓடறதுக்கு? சொல்லிட்டுத்தான் போவேன்."

கையுறை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். நீள மேசை, வெள்ளை விரிப்பு, நடுவில் பூ. ஒரு நாற்காலி மட்டும் காலி. வீட்டுப் பையன் வழக்கம்போலக் கடைசி நிமிஷத்தில் கைவிரித்துவிட்டான். அவனுக்கு வைத்த தட்டு அப்படியே இருந்தது. சாவியக்கா அந்த நாற்காலிக்குப் பின்னால் தண்ணீர்க் கூஜாவோடு நின்றாள். மேசைப் பேச்சு காதில் விழக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் அம்மா தன் பெருமையை அவிழ்த்துவிட்டால் அது தெருமுனை வரைக்கும் கேட்குமே.

மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுஷி. சூப் வருவதற்குள் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, புடவையில் நின்ற சாவியக்காவிடம் வந்து கண்ணை நிறுத்தினாள்.

"ஆமா, இவங்க ஏன் நின்னுட்டே இருக்காங்க? இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அம்மா அசடு வழிய ஒரு நொடி விழித்துவிட்டுச் சமாளித்துக்கொண்டாள். "இவளா? எங்க குடும்பம் மாதிரிங்க. எம் பொண்ணத் தூக்கி வளர்த்தவளே இவதான். எங்க வீட்டுல யாரையும் நாங்க வித்தியாசமா நடத்தறதில்ல."

சாவியக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆமாம், இந்த வீட்டுப் பெண்ணைத் தூக்கித்தான் வளர்த்தாள். பெற்ற மகளை வேறு யார் யாரோ தூக்கி வளர்த்தார்கள். அந்த மகள் இந்நேரம் பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கூஜாவை மேசையில் வைத்தாள். காலி நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள்.

ஐயா கையிலிருந்த ஸ்பூனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல உற்றுப் பார்த்தார். கல்யாணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரோரம் நின்ற கையுறை அசைந்து வந்தார். கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாவியக்காவும் அப்படித்தான் நினைத்து நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கையுறை நாப்கினை உதறி விரித்து அவள் மடியில் போட்டார். இடப்பக்கமாகக் குனிந்து சூப்பை வைத்தார். பிறகு பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டார்.

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன இது? எழுந்திரு!"

"நீங்கதானேம்மா சொன்னீங்க, குடும்பம்னு?"

"குடும்பம் மாதிரின்னுதான் சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. மாப்பிள்ளையின் தாய் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

"அந்த மாதிரியத்தாம்மா இத்தனை வருஷமா நான் சுமக்கிறேன்" என்றாள் சாவியக்கா. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "நாளைக்குக் காலையில எம் பொண்ணுக்கு ஆபரேஷன். போன தடவ உங்க வீட்டு விருந்துக்கு நான் இருந்தேன், அவ பக்கத்துல யாரும் இல்ல. பிள்ளையும் தங்கல. இந்தத் தடவ நான் போறேன். உங்ககிட்ட கேக்க வரல, சொல்லிட்டுப் போக உக்காந்தேன்."

"இவளை வெளிய கூட்டிட்டுப் போங்க!" அம்மா கையுறையைப் பார்த்துக் கத்தினாள்.

"மன்னிக்கணும் மேடம்" என்றார் கையுறை, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல். "அவங்க இன்னும் சூப்பை முடிக்கல."

சமையலறைக் கதவிடுக்கில் மாஸ்டருடைய இருமல் கேட்டது. சிரிப்பை விழுங்கப் பார்த்தால் அவருக்கு இருமல்தான் வரும்.

சாவியக்கா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாயும் குடித்தாள். "உப்பு ஒரு சிட்டிகை கம்மி மாஸ்டர்" என்று கதவுப் பக்கம் குரல் கொடுத்தாள். நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிச் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது அந்தச் சத்தம் மேசை முழுக்கக் கேட்டது.

"இப்படியே போனா இந்த வீட்டுப் படிய மறுபடி மிதிக்க முடியாது, தெரிஞ்சுக்க!"

"மிதிக்கல. இந்தப் புடவைய மட்டும் துவைச்சு அனுப்பிடறேன்."

பின்கட்டுக்குப் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டாள். வந்த வழியே சாப்பாட்டு அறையைக் கடந்து முன்வாசலுக்கு நடந்தாள். தினமும் மினுங்கத் துடைத்த அந்தப் பித்தளைப் பிடிகளைப் பிடித்து அந்தக் கதவு வழியாக அவள் வெளியே போனதே இல்லை. கையுறை முந்திக்கொண்டு வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"வேலை போயிடுமே உங்களுக்கு" என்றாள் அவள் மெதுவாக.

"போனாப் போகுது. பஸ் போயிடப் போகுது, நீங்க கிளம்புங்கக்கா."

அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மகளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். சாவியக்கா கூடவே ஓடினாள். தியேட்டர் கதவருகில் நர்ஸ் கையை நீட்டி மறித்தாள்.

"நில்லுங்க. நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

வாழ்நாளெல்லாம் அவள் கேட்ட வார்த்தை. அவளைப் பார்த்து யாரும் கேட்டிராத வார்த்தை. பதிலாகச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். இத்தனை வருஷமாக அந்தச் சொல்லால் இன்னொருத்தியை அல்லவா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்!

"அம்மா" என்றாள். போதாது என்று பட்டது. வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை சொன்னாள். "அம்மா! நான் இவளுக்கு அம்மா!"

"சரி சரி, கத்தாதீங்க" என்றாள் நர்ஸ். "கையப் பிடிச்சுக்கிட்டு உள்ள வாங்க."